வெப்பமானியில் ஓர் ஈ

ஆஸ்விக்,
ஞாயிற்றுக்கிழமை, 1902 ஜனவரி 19

அருமை மருமகள் தீராவுக்கு, உன் தாய்மாமனும் இந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் தலைவாசல் அதிகாரியுமான ஆல்பின் எழுதும் கடிதம். நானும் உன் அம்மாவும் உடம்பில் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். விரிகுடா மட்டும் கரையிலிருந்து கரைவரை உறைந்து கிடக்கிறது. அமெரிக்காவில் நீ இருக்கும் ஊரில் இதைவிடப் பெரிய பனி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு ஊசியும் கையுமாகவே பொழுது போகிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனிப் பொட்டலமாக வருகிறது.

தலைவாசல் அதிகாரி என்றதும் மூக்கைச் சுளிக்காதே. அக்டோபரில் என்னை எண்ணெய்க் கொட்டகையிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகிறவன் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, புகைக்குழாய், அடியில் ஆணி அடித்த பூட்ஸ் எதுவும் இல்லை என்று நான் சொன்னால்தான் அவன் உள்ளே போகலாம். முதலாளியே வந்தாலும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்க வேண்டும். போன வாரம் ஒரு ராணுவத் தளபதியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்காத குறை. அவர் மீசைக்குள்ளிருந்தே நாலு தீக்குச்சி விழுந்தது. இதை எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு உன் அம்மா, "தளபதி இல்லடா, தபால்காரர்" என்கிறாள். சரி, தபால்காரர்தான். ஆனால் மீசை தளபதி மீசை.

டிசம்பர் பத்தாம் தேதி நான் ஸ்டாக்ஹோமுக்குப் போனேன். டைனமைட்டைக் கண்டுபிடித்த நம் பெரியவர் எழுதிவைத்த உயில்படி முதல்முதலாகப் பரிசு கொடுத்த நாள் அது. உங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் வந்திருக்கும். குழந்தைகளின் தொண்டையை அடைக்கிற காய்ச்சலுக்கு மருந்து செய்த டாக்டருக்கு ஒன்று, எலும்பைப் படம் பிடிக்கிற கதிரைக் கண்டவருக்கு ஒன்று, இப்படி. நான் மண்டபத்து வாசலில் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். என் தொப்பியைப் பார்த்த போலீஸ்காரர் மரியாதையாகக் குனிந்து, "ஐயா இயற்பியலா, வேதியியலா?" என்று கேட்டார். "வேதியியல்தான், பதினெட்டு வருஷமா" என்றேன். உள்ளே விட்டிருப்பார், எனக்குக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

சமாதானத்துக்கும் ஒரு பரிசு உண்டு. அதை நார்வேக்காரர்கள் கொடுக்கிறார்கள். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டே, "வெடி செஞ்ச பணத்துல சமாதானப் பரிசாம். அப்ப எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு, நானும் பன்னெண்டு வருஷமா யாரோடயும் சண்ட போடல" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

இனி உன் கடிதம். அது மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், இந்த மாதம் ஏழாம் தேதி வந்தது. பன்னிரண்டு நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன்; பேனா சரியில்லை, மை உறைகிறது, கையில் முள் குத்திவிட்டது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் உன் அம்மா மையை அடுப்பருகில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இப்ப எழுதலாம்ல?" என்றாள்.

இரும்புச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற ஈவார் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான். ஈஸ்டர் கழிந்ததும் அவன் மேற்கே வேறு சுரங்கத்துக்குப் போகிறான். கூட வருகிறாயா இல்லையா என்று அதற்குள் நீ சொல்லியாக வேண்டும். அவனைப் பிடித்திருக்கிறது என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனால் மூன்று பக்கத்தில் அவன் பெயர் இருபத்திரண்டு தடவை வருகிறது. எண்ணியது உன் அம்மா.

ஒன்பது வயதில், உன் அப்பா வெர்னருக்காக வைத்த வெற்றுச் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று, டைனமைட் தொட்டவன் கையை நான் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். அதை நான் மறக்கவில்லை. இப்போது என்னிடம் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய்: அந்தச் சரக்கு தானாகவே மனிதனைக் கொல்லுமா, அல்லது அப்பா ஏதாவது தப்பு செய்தாரா? தானாகக் கொல்லும் என்றால் ஈவார் வேண்டாம், தினமும் சாயங்காலம் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்கிறாய். அப்பா செத்த கதையை மாமா பதினொரு விதமாகச் சொல்லியிருக்கிறார், பன்னிரண்டாவது வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய்.

பதினொன்று என்பது கொஞ்சம் அநியாயம். மூன்று பேரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது ஒன்று. நெஞ்சால் தொட்டியை மூடியது ஒன்று. தேவகீதம் பாடிக்கொண்டே போனது ஒன்று. மற்றதெல்லாம் இவற்றையே கலந்து கட்டியதுதான்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் நான் ஒரு பல்கலைக்கழகம். வெடி எண்ணெயை முதலில் செய்தவர் நம் பெரியவர் இல்லை, ஓர் இத்தாலியர். செய்துவிட்டு அவரே அதைப் பார்த்துப் பயந்தாராம். அசைந்தால் வெடிக்கும், இறுக்கினால் வெடிக்கும், முறைத்துப் பார்த்தால் வெடிக்கும். நம் பாதிரியாரின் ஆடு ஒரு சொட்டை நக்கிவிட்டு மூன்று நாள் கோவில் கூரைமேல் நின்றது. பெரியவருடைய சொந்தத் தம்பியையே அந்த எண்ணெய் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஒருவித வெள்ளை மண்ணில் அதை ஊறவைத்து, பிசைந்து, குச்சியாக உருட்டினார். அவ்வளவுதான், அது சாதுவாகிவிட்டது. அதுதான் டைனமைட். உன் ஈவார் கையில் இருப்பது அந்தச் சாது. தூக்கி எறிந்தாலும் சும்மா கிடக்கும்.

ஆனால் மண்ணில் ஊறுவதற்கு முன்னால் அது எண்ணெயாகத்தானே இருந்தாக வேண்டும். அந்த வேலை நானும் உன் அப்பாவும் இருந்த கொட்டகையில் நடந்தது. பெரிய ஈயத் தொட்டியில் அமிலம், அதற்குள் சொட்டுச் சொட்டாகக் கிளிசரின். பக்கத்தில் ஒருவன் ஒற்றைக்கால் ஸ்டூலில் உட்கார்ந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒற்றைக்கால் எதற்கென்றால், கண் அயர்ந்தால் கீழே விழவேண்டும் என்பதற்கு. பாதரசம் இருபத்தைந்தைத் தாண்டினால் குளிர்ந்த தண்ணீரைக் கூட்டவேண்டும். முப்பதைத் தொட்டால் யாரையும் கேட்கவேண்டியதில்லை. அடித் திருகைத் திறந்து, தொட்டியில் இருப்பது மொத்தத்தையும் கீழே உள்ள தண்ணீர்க் குளத்தில் விட்டுவிட்டு ஓடவேண்டும். அதை முக்குவது என்போம். முக்கினால் ஆபத்தும் போயிற்று, எல்லாருடைய அன்றைய வேலையும் போயிற்று.

ஆகவே உன் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: அது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். பாதரசம் ஏறுகிற நேரத்தை நமக்குக் கொடுக்கும்.

இரண்டாவது பாதிக்கு வர எனக்குக் கொஞ்சம் சுற்றவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தொப்பி விஷயம் உனக்குத் தெரியாது. எண்ணெய்க் கொட்டகைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். எண்ணெயின் ஆவி தோல் வழியாகவே ஏறிவிடும். ஒரு வாரத்தில் பழகிப்போகும். ஆனால் இரண்டு நாள் லீவு போட்டால் பழக்கம் விட்டுப்போய், திரும்பி வரும் நாளில் பழையபடி பிளக்கும். அதனால் நாங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியின் உள்பட்டியில் கடுகளவு சரக்கைத் தடவிக்கொள்வோம். கோவிலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும்போதும் அது நெற்றியில் இருக்கும். நம் பெரியவருக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தபோது டாக்டர்கள் இதே எண்ணெயைத்தான் மருந்தாகக் கொடுத்தார்களாம். நாங்கள் தொப்பியில் வைத்தது அவருக்குக் கண்ணாடிப் புட்டியில் வந்தது.

உன் அப்பா செத்த வருஷம் ஈஸ்டர் சனிக்கிழமை, உன் அம்மா அவருடைய கறுப்புத் தொப்பியைக் கோவிலுக்காகச் சுத்தமாகத் துலக்கினாள். உள்பட்டியை வெந்நீரில் துடைத்து, புதுத் துணி வைத்துத் தைத்தாள். அந்தக் கறையை அவள் வியர்வை என்று நினைத்தாள். பெரிய வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள் லீவு. செவ்வாய்க்கிழமை காலையில் வெர்னர் கொட்டகைக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்திலேயே தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பிற்பாடு யாரோ சமையலறையில் தொப்பி வழக்கத்தைப் பேசியபோது உன் அம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். தான் தொப்பியைத் துடைத்ததால்தான் அவர் போனார் என்று நினைத்துக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவள் அப்படி நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன். அந்த ஈஸ்டருக்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரியில், உன் அப்பா ஒருநாள் தொட்டியை முக்கினார். முப்பதைத் தொட்டுவிட்டது என்றார். மேஸ்திரி வந்து பார்த்தபோது இருபத்தாறு காட்டியது. முப்பதாக இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒருநாள் உழைப்பு குளத்தில் போயிற்று. மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லாரும் கடுகடு என்று உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எழுந்து நின்று, வெப்பமானியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்ததையும், மச்சான் அதைப் பாதரசம் என்று நினைத்ததையும், ஈக்கு முன்னால் விறைத்து நின்று சலாம் வைத்து, "உத்தரவு" என்று சொல்லித் திருகைத் திறந்ததையும் நடித்துக் காட்டினேன். ரொட்டி புரையேறிச் சிரித்தார்கள். பிப்ரவரி மாதத்தில் ஈ ஏது என்று ஒருவனும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் அதற்கு நிகர் இல்லை. ஒரு வாரத்தில் விரிகுடாவின் அக்கரைவரை போய்விட்டது. உன் அப்பா தெருவில் நடந்தால் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு ங்கொய் என்று ஒலி எழுப்புவார்கள். அவரும் சிரிப்பார். நல்ல மனுஷன் அல்லவா, சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கொட்டகைக்குள் ஐஸ் கட்டி கொண்டுவந்தேன். வெர்னர் ஸ்டூலில் இருந்தார். ஒரு கை நெற்றியில், ஒரு கை திருகின்மேல். "மாப்ள, கண்ணு கூசுது. எத்தன காட்டுதுன்னு கொஞ்சம் பாரேன்" என்றார். நான் பார்க்கவில்லை. "என்ன மச்சான், மறுபடியும் ஈயா?" என்றேன். அவர் சிரித்தார். திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் அடுத்த ஐஸ் கட்டிக்காக வெளியே வந்து, வெடித்தால் தடுக்கவென்று போட்டிருந்த மண்மேட்டைச் சுற்றிப் போனேன். அந்த மேடு இருந்ததால்தான் நான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி திருகில் கைவைத்தாரா, திறந்தாரா, என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பதினொரு விதமாக உனக்குச் சொன்னது எதையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது அவர் கையை எடுத்ததைத்தான்.

உன் அப்பா தப்பு செய்யவில்லை, தீரா. எத்தனை என்று கேட்டார். கேட்டது சரி.

பெரியவர் எதற்காக அப்படி ஓர் உயிலை எழுதினார் என்று பத்திரிகையில் தினமும் விவாதிக்கிறார்கள். தம்பியை நினைத்து என்கிறான் ஒருவன், பெயருக்காக என்கிறான் இன்னொருவன். எனக்குத் தெரியாது. அவருக்கு எழுதிவைக்க ஏதோ இருந்தது, எழுதினார். எனக்கு இந்தத் தாள்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, ஜனவரி 21

மேலே எழுதியதை ஒட்டி அனுப்பிவிடலாம் என்று நேற்று எடுத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் உனக்குத் தெரிவது சரியில்லை என்று பட்டது. மத்தியானம் காப்பிக்கு உட்கார்ந்தபோது முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தளபதியையும் ஆட்டையும் கூட விடாமல் வாசித்தேன், கொஞ்சம் தாமதிக்கலாமே என்று.

அவள் கற்கண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, தட்டில் ஊற்றிய காப்பியைக் கையில் ஏந்தியபடியே இருந்தாள். குடிக்கவில்லை. முடிந்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் வாசலுக்கு என் வேலைக்குப் போனேன். இரண்டு பேரைப் பையைத் தடவாமலே உள்ளே விட்டுவிட்டேன்; நான் வாசலுக்கு வந்ததிலிருந்து இதுபோல் நடந்ததில்லை. திரும்பி வந்தபோது உப்பு மீனும் உருளைக்கிழங்கும் மேசைமேல் இருந்தன, ஒரே ஒரு தட்டு. அவள் தன் அறையில் இருந்தாள்.

இன்று காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"நான் தொப்பியத் தொடச்சதாலதான் அவர் போனாருன்னு பன்னெண்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். நீ பாத்துட்டே இருந்திருக்க."

"ஆமா அக்கா" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ராத்திரில தூங்கியிருப்பேன்டா."

அவள் விறகைத் தள்ளி, கதவைச் சாத்தி, எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஈ கதைய அவரே வீட்டுக்கு வந்து எங்கிட்ட நடிச்சுக் காட்டினாரு, தெரியுமா? இதே பெஞ்சுல உக்காந்து, சலாம் எல்லாம் வச்சு. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் அவர் எப்ப எதக் கேட்டாலும், 'ஈகிட்ட உத்தரவு வாங்கிட்டீங்களா'ன்னு கேப்பேன். ஈஸ்டர் அன்னிக்குக் கூடக் கேட்டேன்." காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். "நீ மட்டும் இல்லடா. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்."

அவள் என்னை மன்னித்தாள் என்று நான் எழுதமாட்டேன். அப்படி அவள் சொல்லவில்லை. என் கிண்ணத்தில் காப்பி ஊற்றினாள், அவ்வளவுதான். அது வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது. குடித்தேன்.

பிறகு, "அவ கடுதாசில ரெண்டாவது பக்கத்த எடு. அந்தப் பையனப் பத்திக் கீழ எழுதியிருக்காளே, அதப் படி" என்றாள். நான் படித்தேன். நீ வெட்கப்பட்டுக்கொண்டே எழுதியிருக்கும் இடம் அது. வைத்த வெடி வெடிக்காமல் போனால் மற்றவர்கள் ஒரு குழாய் புகையிலை பிடிக்கிற நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போகிறார்கள், ஈவார் மட்டும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாக ஒரு மணி நேரம் நிற்கிறான், யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறான். அவனோடு வேலை செய்கிற குழுவுக்கு எப்போதும் வேலை குறைகிறது. ஜெபம் பண்ணுகிறவன் மாதிரி நிற்பதால் அவனுக்குப் பாதிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நடனத்துக்குப் போனால் வாத்தியக்காரன் தேவகீதம் வாசிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

உன் அம்மா என்னை அதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள்.

"சிரிச்சப்புறமும் நிக்கிறானா?" என்று கேட்டாள்.

தேடிப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கூட அப்படி நின்றான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த நடனம் நவம்பரில்.

"அப்ப எழுதுடா" என்றாள். "நான் சொன்னேன்னு எழுது. உங்கப்பாவுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் கொடுக்காம விட்டேன், அத நீ அந்தப் பையனுக்குக் குடுன்னு எழுது. அவளுக்குப் புரியும்."

புரியாவிட்டால் என்று நான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதில் கட்டுக்கதையாக ஒரு சொல்லும் இல்லை.

அவனைக் கட்டிக்கொள், தீரா. ஒன்பது வயதில் செய்த சத்தியத்திலிருந்து உன் தாய்மாமனாகிய நான் உன்னை விடுவிக்கிறேன். அந்தச் சத்தியத்துக்குக் காரணமானவன் நான். எனக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும். சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அது பொய்யில்லை. எந்தச் சரக்கும் ஒருநாள் சொல்லாமலும் வரலாம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஊரே சிரித்தும் கையை எடுக்காத ஒருவனுக்காக நீ பார்த்துக்கொண்டிருப்பாய்.

அவன் ஒருநாள் தாமதமாக வருவான். ஒன்றும் இல்லாததற்கு ஒரு மணி நேரம் எல்லாரையும் நிற்கவைத்தேன் என்று சொல்வான். என்ன ஆயிற்று என்று சிரித்துக்கொண்டே கேட்காதே. பக்கத்து வீட்டில் அதை ஒரு கதையாகச் சொல்லாதே. நன்றாக வரும் கதையாக இருந்தாலும் சொல்லாதே. என் ரத்தம் உன்னிடமும் ஓடுகிறது, உனக்கும் கதை கட்ட வரும் என்று எனக்குத் தெரியும். காப்பியை ஊற்றி அவன் முன்னால் வை. "நல்லது செஞ்சீங்க" என்று சொல். எனக்கு அந்த இரண்டு சொல் சொல்லத் தெரியாமல் போயிற்று.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாமல் இருக்கலாம். அது உன் இஷ்டம். கல்யாணத் தேதியை மட்டும் உன் அம்மாவுக்கு ஒரு அட்டையில் எழுதிப் போடு. அவள் அன்றைக்குக் கோவிலுக்குப் போகவேண்டும் என்கிறாள். நானும் கூட வரலாம் என்றிருக்கிறாள், பின்வரிசையில்.

கடவுள் உன் வீட்டைக் காக்கட்டும். ஈவார் தினமும் எல்லாருக்கும் கடைசியாக, எல்லாரும் கேலி பேச, வேலை பாதியில் நிற்க, கையும் காலும் கண்ணும் முழுசாக, உன் வாசலுக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த,
நீ இன்னும் மாமா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற,
ஆல்பின்